வேறு வேலையாக வந்த நண்பர்



ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரு தாயையும் அவருடைய மகனையும் திருச்சபை அடுத்தடுத்த நாள்களில் நினைவுகூர்கிறது. 27ஆம் நாள் புனித மோனிக்கா அம்மாள். 28ஆம் நாள் புனித அகுஸ்தினார். அகுஸ்தினாரை மனந்திருப்பியது யார் என்று நம் மறைக்கல்விப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். "அவருடைய அம்மாவின் கண்ணீர்" என்று உடனே சொல்வார்கள். சரியான பதில்தான். ஆனால் அதோடு கதை முடிந்துவிடவில்லை. அகுஸ்தினார் ஆயரான பிறகு, ஏறக்குறைய 397ஆம் ஆண்டு தொடங்கி, 'கன்பெசியோனெஸ்' என்னும் இலத்தீன் நூலை எழுதினார். தம் வாழ்க்கை முழுவதையும் கடவுளிடம் சொல்லும் ஒரு நீண்ட செபம் அது. அதைப் படிக்கிறவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும். தாயின் கண்ணீரைச் சுற்றி நண்பர்கள் பலர் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஒரு சிறிய காரியத்தைச் செய்திருக்கிறார்கள். அந்த நண்பர்களைப் பற்றித்தான் இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

இதை நான் தேர்ந்துகொள்ள ஒரு காரணம் உண்டு. "சாமி, என் மகன் கோவிலுக்கு வருவதையே விட்டுவிட்டான், அவனிடம் நான் என்ன பேசுவது?" என்று கேட்கும் தாய்மார்கள் எல்லாப் பங்கிலும் இருக்கிறார்கள். "என் கூட்டாளி கடவுளே இல்லை என்கிறான், அவன் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்கு எனக்குப் படிப்பில்லை" என்று சொல்லும் ஆண்களும் இருக்கிறார்கள். விசுவாசத்தைப் பிறருக்குத் தருவது வாதத் திறமையைச் சார்ந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதனால் அந்தப் பொறுப்பைக் குருவானவரிடமும் வேதியரிடமும் அருள்சகோதரிகளிடமும் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறோம். அகுஸ்தினாரின் கதை இந்த எண்ணத்தை அப்படியே மாற்றிப்போடுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நட்பு மனிதரை மேலேயும் தூக்கும், கீழேயும் தள்ளும். அகுஸ்தினார் 354ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்னும் சிறு நகரத்தில் பிறந்தார். இன்று அது அல்ஜீரியா நாட்டில் இருக்கிறது. அவருக்கு 16 வயதாக இருந்தபோது, தோழர்களோடு சேர்ந்து இரவு நேரத்தில் அண்டை வீட்டாரின் பேரிமரத்தை உலுக்கிப் பழங்களைத் திருடினார். பசிக்காகத் திருடவில்லை. பறித்த பழங்களில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு எறிந்துவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து அதை எண்ணிப் பார்த்தபோது, தனியாக இருந்திருந்தால் அதைச் செய்திருக்கவே மாட்டேன் என்று அவர் எழுதுகிறார். கூட்டாளிகள் 'வா' என்று அழைக்கும்போது, போகாமல் இருப்பது வெட்கமாகிவிடுகிறது. இது நம் இளைஞர்களுக்கு விளக்கம் தேவைப்படாத உண்மை.

அவருடைய உயிர் நண்பர் அலிப்பியுஸுக்கும் இப்படித்தான் நடந்தது. அலிப்பியுஸ் சட்டம் படிக்க உரோமைக்குப் போனார். மனிதரை மனிதர் வெட்டிக் கொல்லும் அரங்கக் காட்சிகளை அவர் வெறுத்தார். ஆனால் ஒருநாள் உடன் படித்தவர்கள் அவரை வலுக்கட்டாயமாக இழுத்துப் போனார்கள். உடல்தான் அங்கே இருக்கும், கண்ணைத் திறக்க மாட்டேன் என்று சொல்லி, கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். கூட்டம் ஒரு கட்டத்தில் ஓவென்று கத்தியது. கண்ணைத் திறந்துவிட்டார். அன்று முதல் அந்தக் காட்சிக்கு அடிமையானார். பிறகு தாமே மற்றவர்களை இழுத்துப் போகிறவராகவும் ஆனார்.

அகுஸ்தினாரும் பிறரைத் தவறான வழியில் இழுத்துச் சென்றவர்தான். இளம் வயதில் அவர் மானிக்கேயம் என்னும் தப்பறையில் விழுந்து, ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அதில் கிடந்தார். ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் போர்தான் உலகம் என்று போதித்த கூட்டம் அது. சொந்த ஊரில் தம்மோடு வளர்ந்த, தம் வயதையொத்த ஒரு நண்பரையும் அந்தக் கொள்கைக்குத் திருப்பினார். அந்த நண்பருக்குக் கடும் காய்ச்சல் வந்து நினைவு தப்பியபோது, வீட்டார் அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார்கள். கொஞ்சம் தேறியதும் அகுஸ்தினார் அருகில் உட்கார்ந்து, நினைவில்லாமல் கிடந்தபோது பெற்ற அந்தத் திருமுழுக்கைக் கேலி செய்தார். நண்பரும் சேர்ந்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். நண்பரோ பகைவனைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தார். என் நண்பனாக இருக்க விரும்பினால் இப்படிப் பேசுவதை நிறுத்து என்ற பொருள்படக் கண்டித்தார். சில நாள்களில் மீண்டும் காய்ச்சல் கண்டு அவர் இறந்துபோனார்.

அந்த நண்பரின் பெயரை அகுஸ்தினார் எழுதவில்லை. ஆனால் அந்த நாளை இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் மறக்கவில்லை. சாகும் தறுவாயில் இருந்த ஓர் இளைஞர், நாவன்மை மிக்க தம் நண்பரோடு வாதாடவில்லை. தம் திருமுழுக்கைக் கேலிக்கு விட்டுக்கொடுக்கவும் இல்லை. அவ்வளவுதான் அவர் செய்தது. அகுஸ்தினாரின் கேலி அன்றுதான் முதன்முறையாகப் பதில் சொல்ல முடியாமல் நின்றது என்று நான் நினைக்கிறேன்.

இந்தக் காலத்தில் மோனிக்கா அம்மாள் ஓர் ஆயரிடம் போய், என் மகனோடு பேசி அவனைத் திருத்துங்கள் என்று கெஞ்சினார். அந்த ஆயர் இளமையில் மானிக்கேயரிடையே வளர்ந்தவர், அவர்களுடைய நூல்களையெல்லாம் கற்றவர். வாதம் செய்யத் தகுதியானவர் ஒருவர் உண்டென்றால் அவர்தான். ஆனால் அவர் மறுத்துவிட்டார். இப்போது அவன் கேட்கும் நிலையில் இல்லை, அவனை விட்டுவிடுங்கள், அவனுக்காக மன்றாடுங்கள், படித்துப் படித்து அவனே கண்டுகொள்வான் என்றார். அம்மாள் அழுதுகொண்டே வற்புறுத்தியபோதுதான், இத்தனை கண்ணீருக்குச் சொந்தமான மகன் அழிந்துபோக முடியாது என்று சொல்லி அனுப்பினார். அந்த ஆறுதலை நாம் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். வாதம் வேண்டாம் என்ற அறிவுரையை மறந்துவிடுகிறோம்.

இனி மிலான் நகருக்கு வருவோம். 384ஆம் ஆண்டு, 30 வயதில், நாவன்மைப் பேராசிரியராக அகுஸ்தினார் அங்கே போய்ச் சேர்ந்தார். அப்போது மேற்கு உரோமைப் பேரரசரின் அரண்மனை அந்த நகரத்தில்தான் இருந்தது. ஆயராக இருந்தவர் புனித அம்புரோசியார். அகுஸ்தினார் அவருடைய மறையுரைகளைக் கேட்கப் போனது, அவர் எப்படிப் பேசுகிறார் என்று பார்க்கத்தான். என்ன பேசுகிறார் என்பதில் அவருக்கு அக்கறை இருக்கவில்லை. ஆனால் அம்புரோசியார் அவரைத் தந்தையைப் போல வரவேற்றார். வெளியூரிலிருந்து வந்தவரிடம் அன்பாக நடந்துகொண்டார். தாம் அவரை நேசிக்கத் தொடங்கியது உண்மையைக் கற்பிக்கும் ஆசிரியர் என்பதற்காக அல்ல, தம்மிடம் பரிவு காட்டிய மனிதர் என்பதற்காகத்தான் என்று அகுஸ்தினார் வெளிப்படையாக எழுதுகிறார். திருச்சபையின் மாபெரும் மறைவல்லுநர்களுள் ஒருவரான அம்புரோசியாருக்கே, அந்த உள்ளத்தின் கதவைத் திறந்தது பரிவுதான். மறையுரை பிறகு உள்ளே போயிற்று.

அடுத்தவர் சிம்பிளிசியானுஸ் என்னும் முதிய குருவானவர். அம்புரோசியாரே தந்தையாக மதித்தவர். பிற்காலத்தில் 397ஆம் ஆண்டு அவருக்குப் பின் மிலானின் ஆயரானவரும் இவர்தான். அகுஸ்தினார் தம் குழப்பங்களைச் சொல்ல அவரிடம் போனார். சிம்பிளிசியானுஸ் பாடம் நடத்தவில்லை. தம் பழைய நண்பர் ஒருவரைப் பற்றிச் சொன்னார்.

அந்த நண்பர் விக்டோரினுஸ். அகுஸ்தினாரைப் போலவே ஆப்பிரிக்கர், அவரைப் போலவே நாவன்மை ஆசிரியர். உரோமையில் அவருக்குச் சிலை வைக்கும் அளவுக்குப் புகழ் பெற்றிருந்தார். முதுமைவரை பழைய தெய்வங்களை வணங்கியவர். விவிலியத்தையும் கிறிஸ்தவ நூல்களையும் ஆழ்ந்து படித்த பிறகு, நான் ஏற்கெனவே கிறிஸ்தவன்தான் என்று சிம்பிளிசியானுஸிடம் தனிமையில் சொல்லத் தொடங்கினார். கிறிஸ்துவின் கோவிலில் உங்களைப் பார்க்கும்வரை அதை நம்ப மாட்டேன் என்பார் இவர். அப்படியானால் சுவர்கள்தாம் ஒருவரைக் கிறிஸ்தவராக்குகின்றனவா என்று சிரித்துக்கொண்டே கேட்பார் அவர். இந்தப் பேச்சு ஒருமுறை இருமுறை அல்ல, பலமுறை நடந்தது. பெரிய இடத்து நண்பர்களின் பகையைச் சம்பாதிக்க விக்டோரினுஸ் அஞ்சினார். சிம்பிளிசியானுஸ் கோபித்துக்கொள்ளவில்லை. நட்பை முறிக்கவில்லை. "பரவாயில்லை, உள்ளத்தில் இருந்தால் போதும்" என்று சமாதானமும் சொல்லவில்லை. காத்திருந்தார்.

ஒருநாள் திடீரென்று விக்டோரினுஸே, வாருங்கள், கோவிலுக்குப் போவோம், நான் கிறிஸ்தவனாக வேண்டும் என்றார். திருமுழுக்குப் பெறும் நேரம் வந்தபோது, மக்கள் முன்னால் விசுவாசத்தை அறிக்கையிடத் தயங்குகிறவர்களுக்குத் தரும் சலுகையைக் குருக்கள் அவருக்கும் தந்தார்கள், தனியாக அறிக்கையிடலாம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டு மேடையேறினார். அவரை அடையாளம் கண்டுகொண்ட மக்கள் மகிழ்ச்சியோடு அவருடைய பெயரைச் சொல்லி ஆரவாரித்தார்கள். பின்னர் 362ஆம் ஆண்டு பேரரசர் ஜூலியான் கிறிஸ்தவர்கள் கல்வி கற்பிக்கக் கூடாது என்று சட்டம் போட்டபோது, விக்டோரினுஸ் தம் பள்ளியைக் கைவிட்டாரே தவிர விசுவாசத்தைக் கைவிடவில்லை. இதைக் கேட்டதும் அவரைப் போலவே ஆகவேண்டும் என்று அகுஸ்தினார் உள்ளம் பற்றி எரிந்தது. ஆனாலும் பழைய வாழ்க்கையின் சங்கிலி அவரை விடவில்லை.

இப்போதுதான் இன்றைய நம் நாயகர் வருகிறார். 386ஆம் ஆண்டு, கோடைக் காலம். வீட்டில் அகுஸ்தினாரும் அலிப்பியுஸும் மட்டும் இருந்தார்கள். பொந்திசியானுஸ் என்பவர் அவர்களைப் பார்க்க வந்தார். அவரும் ஆப்பிரிக்கர், அதனால் ஊர்க்காரர். அரண்மனையில் உயர்ந்த பதவியில் இருந்தவர். எதற்காக வந்தார் தெரியுமா? எங்களிடம் ஏதோ கேட்க வந்தார், என்னவென்று நினைவில்லை என்கிறார் அகுஸ்தினார். தம் வாழ்வையே திருப்பிப்போட்ட அந்த நாளில், நண்பர் வந்த வேலை என்ன என்பதே அவருக்கு மறந்துவிட்டது!

உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். எதிரே ஒரு விளையாட்டு மேசை. அதன்மேல் ஒரு புத்தகம் கிடந்தது. பொந்திசியானுஸ் அதை எடுத்துப் பிரித்தார். பாடம் நடத்துவதற்கான ஏதாவது நூலாக இருக்கும் என்று நினைத்தவர், அது திருத்தூதர் பவுலின் திருமுகங்கள் என்று கண்டு வியந்தார். புன்னகையோடு அகுஸ்தினாரைப் பாராட்டினார். ஏனென்றால் அவர் திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவர். கோவிலில் அடிக்கடி நெடுநேரம் முழந்தாளிட்டுச் செபிக்கிறவர். இந்தப் புத்தகத்தை நான் மிகவும் கவனமாகப் படித்துவருகிறேன் என்று அகுஸ்தினார் சொன்னார். அங்கிருந்து பேச்சு வளர்ந்தது.

எகிப்துப் பாலைவனத்துத் துறவியான அந்தோனியாரைப் பற்றிப் பொந்திசியானுஸ் சொன்னார். நாம் வனத்து அந்தோனியார் என்று அழைக்கும் புனிதர் அவர். 356ஆம் ஆண்டு காலமானவர், ஆக அவர் இறந்து அப்போது 30 ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. அவருடைய வரலாற்றை அலெக்சாந்திரியாவின் ஆயர் புனித அத்தனாசியார் எழுதியிருந்தார், அது இலத்தீனிலும் வந்திருந்தது. ஆனால் இந்தப் பேராசிரியரும் அவருடைய வழக்கறிஞர் நண்பரும் அந்தப் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. பொந்திசியானுஸுக்கு ஆச்சரியம். மிலான் நகர மதிலுக்கு வெளியிலேயே, அம்புரோசியாரின் பராமரிப்பில், ஒரு துறவற இல்லம் இருந்தது. அதுவும் இவர்களுக்குத் தெரியாது. இவ்வளவு படித்தவர்களுக்குத் தங்கள் ஊர் எல்லையில் இருந்த துறவிகளைத் தெரியவில்லை. யாரும் சொல்லாததால் தெரியவில்லை.

பிறகு பொந்திசியானுஸ் தம் சொந்த அனுபவம் ஒன்றைச் சொன்னார். டிரியர் நகரத்தில், இன்றைய ஜெர்மனியில், பேரரசர் ஒருநாள் பிற்பகல் பந்தயக் காட்சியில் இருந்தபோது, அரசுப் பணியில் இருந்த நான்கு நண்பர்கள் நகர மதில் அருகே தோட்டங்களில் உலாவப் போனார்கள். இருவர் இருவராகப் பிரிந்து நடந்தார்கள். ஓர் இணை, துறவியர் சிலர் வாழ்ந்த குடிசை ஒன்றைக் கண்டு உள்ளே போனது. அங்கே அந்தோனியார் வரலாறு இருந்தது. ஒருவர் படிக்கத் தொடங்கினார். படிக்கப் படிக்க உள்ளம் மாறியது. இவ்வளவு பாடுபட்டு அரண்மனையில் நாம் அடையக்கூடியது என்ன, பேரரசரின் நண்பர்கள் ஆவதுதானே, கடவுளின் நண்பராக வேண்டுமானால் இப்போதே ஆகலாமே என்று தோழரிடம் சொன்னார். தோழரும் அவரோடு நின்றுவிட்டார். அவர்கள் இருவருக்கும் நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்களும், இதைக் கேள்விப்பட்டுத் தங்களைக் கடவுளுக்கே அர்ப்பணித்தார்கள்.

மற்ற இணையில் ஒருவர் பொந்திசியானுஸ். மாலையாகிவிட்டது, திரும்பிப் போகலாம் என்று தேடி வந்தவர்களிடம் அந்த இருவரும் தங்கள் முடிவைச் சொன்னார்கள். பொந்திசியானுஸும் அவருடைய தோழரும் என்ன செய்தார்கள்? தங்கள் நிலையை எண்ணி அழுதார்கள். நண்பர்களை வாழ்த்தினார்கள். எங்களுக்காகச் செபியுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். பிறகு அரண்மனைக்கே திரும்பிப் போனார்கள்.

அன்பார்ந்தவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். பொந்திசியானுஸ் துறவியாகவில்லை. அவர் அலுவலகத்துக்குப் போய்வந்த கிறிஸ்தவர். நண்பர்கள் செய்த தியாகத்தைத் தம்மால் செய்ய முடியாது என்று அழுதவர். ஆனால் அதற்காக வாயை மூடிக்கொள்ளவில்லை. "நானே அந்த உயரத்தில் இல்லை, இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன தகுதி?" என்று அவர் கேட்டிருந்தால், அகுஸ்தினாரின் வீட்டில் அன்று அந்தப் பேச்சே நடந்திருக்காது. தாம் கண்டதை, தம்மை அழவைத்ததை, மறைக்காமல் ஊர்க்காரர் இருவரிடம் சொன்னார். பேச்சு முடிந்தது, வந்த வேலையும் முடிந்தது, எழுந்து போய்விட்டார். அவர் படியிறங்கிப் போன பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை அவர் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். அகுஸ்தினார் கொதித்துப்போனார். கல்லாதவர்கள் எழுந்து விண்ணகத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள், கற்ற நாம் இந்தச் சேற்றில் புரளுகிறோமே என்று அலிப்பியுஸிடம் கதறினார். வீட்டுத் தோட்டத்துக்கு விரைந்தார். அலிப்பியுஸ் அடிமேல் அடிவைத்து அவரைப் பின்தொடர்ந்து போய் அருகில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அறிவுரை சொல்லவில்லை. அந்த நிலையில் நண்பரைத் தனியே விடக் கூடாது என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. அழுகை பொங்கியபோது அகுஸ்தினார் சற்று விலகி, ஓர் அத்திமரத்தடியில் விழுந்து அழுதார். அப்போது பக்கத்து வீட்டிலிருந்து, எடுத்து வாசிக்கச் சொல்லித் திரும்பத் திரும்பப் பாடும் ஒரு குழந்தைக் குரல் கேட்டது.

அந்தக் குரல் தமக்காகத்தான் என்று அவர் எப்படிக் கண்டுகொண்டார்? வனத்து அந்தோனியார் தற்செயலாகக் கோவிலில் கேட்ட ஒரு நற்செய்தி வாசகத்தைத் தமக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் துறந்தார் என்பது அவர் நினைவுக்கு வந்தது. அந்தோனியாரின் பெயரையே அன்றுதான் பொந்திசியானுஸ் வழியாகக் கேட்டிருந்தார். உடனே திரும்பி ஓடினார். எங்கே? அலிப்பியுஸ் உட்கார்ந்திருந்த இடத்துக்கு. பவுலின் திருமுகங்களை அங்கேதான் வைத்துவிட்டு எழுந்திருந்தார். பிரித்ததும் கண்ணில் பட்டது உரோமையர் திருமுகத்தின் 13ஆம் அதிகாரம். களியாட்டத்தையும் காம வெறியையும் விட்டுவிட்டு ஆண்டவர் இயேசு கிறிஸ்துவை அணிந்துகொள்ளச் சொல்லும் பகுதி. அதற்கு மேல் படிக்கத் தேவை இருக்கவில்லை. அலிப்பியுஸ் புத்தகத்தை வாங்கி அடுத்த வசனத்தைப் பார்த்தார். விசுவாசத்தில் வலுவற்றவரை ஏற்றுக்கொள்ளச் சொல்லும் வசனம் அது. அது எனக்குத்தான் என்றார். இரு நண்பர்களும் ஒன்றாக உள்ளே போய் மோனிக்கா அம்மாளிடம் சொன்னார்கள். 387ஆம் ஆண்டு பாஸ்கா திருவிழிப்பில் அம்புரோசியாரின் கையால் அகுஸ்தினாரும் அலிப்பியுஸும் அகுஸ்தினாரின் மகன் அதெயோதாத்துஸும் ஒன்றாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். அதே ஆண்டில், தம் வேண்டுதல் நிறைவேறியதைக் கண்ட மோனிக்கா அம்மாள், ஊர் திரும்பும் வழியில் ஓஸ்தியா துறைமுகத்தில் 56ஆம் வயதில் காலமானார்.

இது அந்த இருவரோடு நின்றுவிடவில்லை. திருமுழுக்குக்கு முந்தைய மாதங்களில் தங்குவதற்குத் தம் நாட்டுப்புற வீட்டைக் கொடுத்தவர் வெரெகுந்துஸ் என்னும் ஆசிரியர். அவருடைய மனைவி கிறிஸ்தவர், அவர் இன்னும் கிறிஸ்தவர் ஆகவில்லை. ஆனாலும் நண்பர்கள் செபிக்க இடம் கொடுத்தார். பின்னர் நோயுற்றபோது அவரும் திருமுழுக்குப் பெற்று இறந்தார். பொந்திசியானுஸ் வந்த நாளில் வீட்டில் இல்லாத மற்றொரு நண்பர் நெபிரிதியுஸ். கொஞ்ச காலத்துக்குப் பிறகு அவரும் விசுவாசத்துக்கு வந்தார். ஆப்பிரிக்காவுக்குத் திரும்பித் தம் வீட்டார் அனைவரையும் கிறிஸ்துவிடம் கொண்டுவந்த பின் இளமையிலேயே இறந்தார். அரங்கக் காட்சிக்கு அடிமையாகிக் கிடந்த அலிப்பியுஸ் தம் சொந்த ஊரான தகாஸ்தேயின் ஆயரானார். அகுஸ்தினார் ஹிப்போ நகரின் ஆயராகி, 430ஆம் ஆண்டு இறக்கும்வரை அந்த மக்களுக்குப் பணிசெய்தார்.

இந்த வரலாறு நமக்கு என்ன சொல்கிறது?

ஒன்று, விசுவாசம் செயலில் இருக்க வேண்டும். பொந்திசியானுஸ் பேசியது வலிமையாக இருந்ததற்குக் காரணம், அவர் முழந்தாளிட்டுச் செபிக்கிறவர் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அகுஸ்தினார் நண்பர் சொன்ன கதையோடு நண்பரின் வாழ்வையும் சேர்த்து எழுதுவதைக் கவனியுங்கள். செயலற்ற விசுவாசம் செத்தது என்று யாக்கோபு திருமுகம் கற்பிப்பதை நாம் பெரும்பாலும் தானதர்மத்தோடு மட்டும் சேர்த்துப் பார்க்கிறோம். நம் செபமும் நேர்மையும் மன்னிப்பும்கூட அந்தச் செயல்கள்தாம். திருத்தந்தை ஆறாம் பவுல் 1975ஆம் ஆண்டு வெளியிட்ட நற்செய்தி அறிவிப்பு பற்றிய ஏட்டில் இதையே வலியுறுத்தினார். போதகர்களைவிடச் சாட்சிகளுக்கே இக்கால மனிதர் அதிகம் செவிகொடுக்கிறார்கள் என்பதும், ஒருவர் தம் விசுவாச அனுபவத்தை மற்றொருவருக்கு நேருக்கு நேர் பகிரும் வழி என்றும் பழையதாகிவிடாது என்பதும் அவருடைய கருத்து.

இரண்டு, நட்பைத் தூண்டிலாக்கக் கூடாது. மேலே நாம் பார்த்தவர்களில் ஒருவர்கூட அகுஸ்தினாரை மாற்றுவதற்காக அவரோடு நட்புக் கொள்ளவில்லை. அம்புரோசியார் அன்பு காட்டியது அவர் அயலூரார் என்பதால். அலிப்பியுஸ் உடனிருந்தது நண்பர் என்பதால். பொந்திசியானுஸ் வந்ததே வேறு வேலையாக. மனிதரைப் பொருள் காட்டியோ அச்சுறுத்தியோ விசுவாசத்துக்கு அழைக்கலாகாது என்பது இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு சமய உரிமை பற்றிய ஏட்டில் உறுதியாகச் சொன்ன போதனை. பல சமயத்தாரோடு ஒரே தெருவில் வாழும் நமக்கு இது மிகவும் தேவை. நண்பர் கிறிஸ்துவை அறிந்துகொண்டாலும் நமக்கு அவர் நண்பர், அறிந்துகொள்ளாவிட்டாலும் நண்பர். அதே வேளையில், கேட்கிறவரிடம் நம் விசுவாசத்தைச் சொல்லாமல் மறைப்பதும் நட்பு ஆகாது. மேசைமேல் கிடந்த புத்தகத்தைப் பார்த்துப் பொந்திசியானுஸ் மௌனமாக இருந்திருக்கலாம். அவர் மகிழ்ச்சியோடு பேசினார்.

மூன்று, முழு வேலையும் நம்முடையது அல்ல. முடக்குவாதமுற்றவரை இயேசுவிடம் கொண்டுவர நான்கு பேர் தேவைப்பட்டார்கள் என்று மாற்கு நற்செய்தி சொல்கிறது. இயேசு கண்டது அவர்களுடைய விசுவாசத்தை. கட்டிலின் ஒரு மூலையைத்தான் ஒவ்வொருவரும் பிடித்திருந்தார்கள். ஒருவரே தூக்க வேண்டும் என்றால் கட்டில் நகர்ந்திருக்காது. நம் வீட்டுப் பிள்ளைக்காக அழும் தாயே, உங்கள் மூலையை நீங்கள் விட்டுவிடவில்லை. ஆனால் நான்கு மூலையையும் நீங்களே பிடிக்க வேண்டும் என்று கடவுள் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரியாத ஒரு நண்பரை, உங்கள் மகன் வேலைசெய்யும் ஊரில், அவன் உட்காரும் மேசைக்கு எதிரே அவர் அனுப்பக்கூடும்.

அப்படியானால் இன்னொரு கேள்வியும் எழுகிறது. வேறொரு தாயின் மகன் இன்று நம் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான். வேறு ஊர்க் கோவில் ஒன்றில் அவனுக்காக யாரோ மெழுகுதிரி ஏற்றி அழுதுகொண்டிருக்கலாம். அந்தத் தாய்க்குக் கடவுள் அனுப்பிய பதில் நாமாக இருக்கக்கூடும். நாம் அவனுக்குப் பெரிய மறையுரை எதுவும் ஆற்ற வேண்டியதில்லை. மருத்துவமனையில் இரவு துணைக்கு இருக்கலாம். அவனுடைய கேலிக்குக் கோபப்படாமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல் நிற்கலாம். ஞாயிறு காலை எங்கே போகிறாய் என்று அவன் கேட்டால், வெட்கப்படாமல் சொல்லி, விருப்பமிருந்தால் வா என்று அழைக்கலாம். நம்மை மாற்றியது எது, நம்மை அழவைத்தது எது என்று அவன் கேட்கும்போது உண்மையாகச் சொல்லலாம். அதன் பலனை நாம் காணாமலே போகலாம். பொந்திசியானுஸும் வந்த வேலையை முடித்துக்கொண்டு எழுந்து போனவர்தான்.

செபிப்போமாக. எங்களைத் தேடிவந்து நண்பர்கள் என்று அழைத்த ஆண்டவரே, எங்கள் விசுவாசத்தை உயிருள்ளதாக்கும். நீர் எங்களுக்குத் தந்திருக்கும் நண்பர்களை உண்மையாக நேசிக்கவும், கேட்கிறவர்களிடம் உம்மைப் பற்றி அஞ்சாமல் பேசவும், பலனை உம் கையில் விட்டுவிடவும் அருள்தாரும். பிள்ளைகளுக்காகக் கண்ணீர் விடும் பெற்றோருக்கு மோனிக்கா அம்மாளின் பொறுமையைத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக, ஆமென்.